வேடந்தாங்கலுக்கு மறுபடியும் ‘வெளிநாட்டுப் பறவைகள்’ வந்துவிட்டனவாம்

கரையோரன்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்தால் போதும், இந்தச் செய்தி தப்பாமல் வந்துவிடும். இன்றைய பேப்பரிலும் வந்திருக்கிறது. “வேடந்தாங்கலில் வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன.” உள்ளே போனால் சைபீரியா, ஆஸ்திரேலியா, கனடா என்று ஏழாம் வகுப்பு பூகோளப் பாடம் மாதிரி ஒரு பட்டியல். “இங்கு தங்கி முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சுகளுடன் தாயகம் திரும்பும்” என்று முடித்திருக்கிறார்கள். மேலே போட்டிருந்த படம் நத்தைகுத்தி நாரை. அதன் தாயகம் செங்கல்பட்டு மாவட்டம்தான் சாமி.

வேடந்தாங்கலில் கூடு கட்டுகிறவை எவை? நத்தைகுத்தி, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா, கொக்கு வகையறா. எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழையைப் பார்த்து ஏரிக்கு ஏரி மாறும், மாநிலம் தாண்டியும் போகும். பாஸ்போர்ட் தேவைப்படாத தூரம்.

நிஜமாகவே இமயமலை தாண்டி வருகிறவையும் அதே ஏரியில் உண்டு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன், உள்ளான் வகைகள். இவை இங்கே முட்டையே இடுவதில்லை. வடக்கே கோடைக்காலத்தில்தான் அவற்றுக்குக் கூடும் குஞ்சும். இங்கே வருவது குளிருக்கு ஒதுங்கவும் வயிற்றை நிரப்பவும்.

ஆக, கூடு கட்டுவது வெளிநாட்டுப் பறவை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருவது கூடு கட்டுவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வருஷா வருஷம் ஊட்டுகிறார்கள். நாமும் விழுங்குகிறோம்.

மதுராந்தகத்தான்

நல்லா கேட்டீங்கண்ணே. நான் அந்தப் பக்கம்தான். எங்க பெரியவங்க ஒருத்தர் கூட வெளிநாட்டுப் பறவைன்னு சொல்லி நான் கேட்டதில்ல. அவங்களுக்கு அது நத்தகுத்தி, கரண்டிவாயன், கூழைக்கடா. கார்ல வந்து எறங்கறவங்கதான் “ஃபாரின் பேர்ட்ஸ் எந்தப் பக்கம்?”னு கேப்பாங்க. நாங்களும் கைய நீட்டிக் காட்டிடுவோம், எல்லாம் ஒரே மரத்துலதான இருக்கு!

ஊருக்கு அந்தப் பறவைங்க மேல பாசம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா பாசத்துக்குக் கீழ கணக்கும் இருக்கு. மரத்துல உக்காந்து அது போடற எச்சம் பூராவும் ஏரித் தண்ணியில கலக்குது. அந்தத் தண்ணிதான் மதகு வழியா எங்க வயலுக்கு வருது. அந்தத் தண்ணி பாஞ்ச வயல்ல உரச் செலவு கொறையும்னு எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்ற பேச்சு. அதனாலதான் வெள்ளைக்காரன் காலத்துல சிப்பாய்ங்க வந்து பறவையச் சுட்டப்ப ஊர்க்காரங்க சும்மா இருக்கல. செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட போய் நின்னு, சுடக்கூடாதுன்னு எழுதியே வாங்கிட்டு வந்துட்டாங்க. அது நடந்தது பதினெட்டாம் நூற்றாண்டு முடியற சமயம். சரணாலயம்னு அரசாங்கம் ஏத்துக்கிட்டது 1936ல. நடுவுல நூறு வருஷத்துக்கு மேல ஊருதான் பாத்துக்கிச்சு.

ஞாயிறுபயணி

ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஆனா இதுல யாருக்கு என்ன நஷ்டம்? நிருபருக்குக் கிடைப்பது பத்து வரி. ‘வெளிநாடு’ன்னு போட்டாத்தான் ஜனம் திரும்பிப் பார்க்கும். நான் முதல் தடவை போனதே அந்த மாதிரி ஒரு செய்தியைப் படிச்சுட்டுத்தான். போன பிறகு ஆசை வந்தது, தொலைநோக்கி வாங்கினேன், பெயர் கத்துக்கிட்டேன். “நம்ம ஊர் நாரை நம்ம ஊரில் இருக்கிறது”ன்னு தலைப்பு வெச்சிருந்தா நான் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். பறவை ஆர்வலர்களுக்கு இந்தத் திருத்தற வியாதி கொஞ்சம் அதிகம், மன்னிக்கணும்.

கரையோரன்

வியாதிதான், ஒத்துக்கொள்கிறேன். நஷ்டம் என்ன என்று கேட்டீர்களே, அதைச் சொல்கிறேன்.

‘விருந்தாளி’ என்றாலே நாலு மாதம் தங்கிவிட்டுப் போகிறவர் என்று பொருள். நாலு மாதம் அமைதியாக இருந்தால் நம் கடமை முடிந்தது. ஏப்ரலில் பறவை கிளம்பிவிட்டது, இனி அது சைபீரியாவின் பாடு. நாரை எங்கேயும் போகவில்லை ஐயா. பக்கத்துத் தாலுகா ஏரியில் நிற்கிறது. அங்கே ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்தால் அதற்கடுத்த தாலுகா. மிச்சம் எட்டு மாதமும் அது உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்கு வேடந்தாங்கல் மட்டும் போதாது.

கூடு கட்டும் காலத்திலேயே போதாது. வேடந்தாங்கல் ஏரி மொத்தமே சுமார் 30 ஹெக்டேர். அத்தனை ஆயிரம் குஞ்சுகளுக்கும் இரை அந்த 30 ஹெக்டேரிலா கிடைக்கும்? காலையில் ஏரிக்கரையில் நின்று பாருங்கள், பெரிய பறவைகள் வெளியே போய்க்கொண்டே இருக்கும். சுற்றுவட்டார வயல், குட்டை, தாங்கல், கால்வாய் எல்லாம் அலசிவிட்டு இரையோடு திரும்பும். ஏரி பிரசவ அறை, அவ்வளவுதான். சமையலறை வெளியே இருக்கிறது.

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஊர், வயல், பட்டா நிலம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது, ஞாபகம் இருக்கும். அப்போது நிறைய பேர் சொன்ன வாதம் என்ன தெரியுமா? “பறவை ஏரியில்தானே இருக்கிறது, ஐந்து கிலோமீட்டர் எதற்கு?” வெளிநாட்டு விருந்தாளி லாட்ஜில் வந்து தங்குகிறார் என்று நினைப்பவருக்கு இந்தக் கேள்வி நியாயமாகத்தான் படும். இது நம் ஊர்ப் பறவை, இந்த வயலில் நத்தை பொறுக்கித்தான் குஞ்சு வளர்க்கிறது என்று தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

பத்து வரிச் செய்தி தப்பாக இருந்தால் என்ன நஷ்டம் என்பதற்கு என் பதில் இதுதான்.

தொலைநோக்கி

கரையோரன் சொன்னதற்கு வலுவான சான்று ஒன்று இருக்கிறது, பறவைகளின் காலண்டர்.

மஞ்சள்மூக்கு நாரை டெல்லி மிருகக்காட்சிச் சாலைக் குளத்து மரங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். சுதந்திரமாக வந்து போகிற காட்டுப் பறவைகள். ராஜஸ்தான் பரத்பூரிலும் கட்டும். அங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரம்பம், தென்மேற்குப் பருவமழை முடிகிற நேரம். அதே பறவை நம் பக்கம் நவம்பர், டிசம்பரில்தான் குச்சி பொறுக்க ஆரம்பிக்கும், வடகிழக்கு மழைக்குப் பிறகு. திருநெல்வேலி கூந்தன்குளத்தில் இன்னும் தள்ளிப் போகும். கோடை வரைக்கும் குஞ்சுகளைப் பார்க்கலாம்.

இனம் ஒன்று, மாதம் வேறு. தூர தேசத்துக் குளிர் விரட்டி வருகிற பறவைக்கு எல்லா இடத்திலும் தேதி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இங்கே தேதியைத் தீர்மானிப்பது உள்ளூர் மழை. குஞ்சுக்கு மீனும் தவளையும் மலிவாகக் கிடைக்கிற மாதத்தைப் பார்த்துக் குடும்பம் நடத்துகிறது.

2016 ஞாபகம் இருக்கிறதா? அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. வேடந்தாங்கலில் தண்ணீரும் இல்லை, பறவையும் இல்லை. சைபீரியாவில் அந்த வருடம் ஒரு குறையும் இல்லை.

ஏரியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பது மீனுக்காக மட்டுமில்லை. கடம்ப மரமும் கருவேல மரமும் தண்ணீருக்குள் நிற்கும்வரைதான் கூட்டுக்குக் காவல். நரி, நாய், பூனை எதுவும் நீந்தி வந்து மரம் ஏறாது. தண்ணீர் இறங்கி அடிமரம் தரையில் நின்றால் கூடும் ஆபத்தில்தான்.

ஓலைப்பெட்டி

நாரை இழையில் “நாராய் நாராய் செங்கால் நாராய்” வராமல் எப்படி? சத்திமுத்தப் புலவரை யாரும் கூப்பிடாததால் நானே கூப்பிடுகிறேன்.

“பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்
நீயும்நின் பெடையும் தென்திசைக் குமரியாடி
வடதிசைக்கு ஏகுவீர் ஆயின்”

வலசை போவது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது பாருங்கள். அப்படியானால் நாரை வெளியூரிலிருந்து வருகிறது என்பதற்குப் பாட்டே சாட்சி ஆகிறதே? கரையோரனுக்கு என்ன பதில்?

தொலைநோக்கி

ஓலைப்பெட்டி ஐயா, புலவர் கரையோரன் கட்சிதான்! பாட்டை மெதுவாகப் படியுங்கள். பவளம் போல் சிவந்த, கூரான, நேரான அலகு. பனங்கிழங்கைப் பிளந்தால் இரண்டு பாதியும் நேராகக் கூம்பி வரும், அதுதான் கணக்கு. சிவந்த கால். இந்த அடையாளம் பொருந்துவது செங்கால் நாரை என்றே இன்று நாம் சொல்லும் வெள்ளை நாரைக்கு. மஞ்சள்மூக்கு நாரையின் அலகு மஞ்சள், நுனி வேறு கீழ்நோக்கி வளைந்திருக்கும். நத்தைகுத்தியின் அலகு சாம்பல் நிறம், நடுவில் இடைவெளி.

செங்கால் நாரை உண்மையிலேயே வடக்கே ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டுவது. இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வந்து போவது. ‘வடதிசைக்கு ஏகுவீர் ஆயின்’ என்று அதனிடம் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எது வந்து போகிற பறவை, எது உள்ளூர்ப் பறவை என்பதில் குளிரில் கையது கொண்டு மெய்யது பொத்திக்கொண்டு மதுரையில் கிடந்த புலவருக்குக் குழப்பமே இல்லை.

ஓலைப்பெட்டி

சபாஷ். இத்தனை வருஷம் வகுப்பில் நடத்தினேன், அலகைக் கவிநயம் என்று சொல்லித் தாண்டிப் போயிருக்கிறோம். நாளைக்கே பேத்திக்குப் பனங்கிழங்கு வாங்கிப் பிளந்து காட்டுகிறேன். தை பிறந்தால் தெருவெல்லாம் கிடைக்கும்.

ஞாயிறுபயணி

பிளந்து காட்டிட்டு எங்களுக்கும் ரெண்டு அனுப்புங்க ஐயா.

வங்காலைக்காரி

நான் மன்னார். இஞ்சயும் இதே கதைதான். எங்கட பக்கம் வங்காலைச் சரணாலயத்துக்கு மாரி காலத்தில ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில வரும். அதுகள் உண்மையா வடக்கில இருந்து வாறதுகள். மத்திய ஆசியாவில இருந்து தெற்கால வாற பறவைகளுக்கு மன்னார்தான் கிட்டத்தட்டக் கடைசி ஸ்டேசன், அதுக்கங்கால பெருங்கடல். ஆனா பேப்பரில படம் போடேக்க பூநாரைதான் போடுவினம், சிவப்பா வடிவா இருக்குதெல்லோ. வாத்தை ஆரும் தேடுறேல்லை. வங்காலை 2010இல ராம்சார் இடமா, அதாவது உலக அளவில முக்கியமான ஈரநிலமா வந்தது. அது எங்கட ஆக்கள் கனபேருக்குத் தெரியாது.

தொலைநோக்கி

வங்காலைக்காரி சொன்ன ராம்சார் விஷயத்தில் நம் பக்கத்துக் கதை வேடிக்கையானது. 2002இல் கோடியக்கரைக்குக் கிடைத்தது. அதன் பிறகு இருபது வருஷம் தமிழ்நாட்டில் வேறு எதற்கும் இல்லை. 2022இல் ஒரேயடியாக பள்ளிக்கரணை, பிச்சாவரம், கரிக்கிலி, வேடந்தாங்கல், கூந்தன்குளம், வெள்ளோடு, உதயமார்த்தாண்டபுரம், வடுவூர் என்று வரிசையாக வந்தன. பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலானவை ஏரிகள். யாரோ பாசனத்துக்கு வெட்டியவை. பறவைக்காக ஒன்றும் வெட்டவில்லை.

வரப்பு

கரையோரன் ‘நம் நாட்டுப் பறவை’ என்று சொல்வதில் எனக்கு ஒரு சின்ன நெருடல். நத்தைகுத்திக்கு நாட்டு எல்லை தெரியாது. பரத்பூரில் காலில் அடையாள வளையம் மாட்டிய பறவை கிழக்கே சுமார் 800 கிலோமீட்டர் தள்ளிக் கிடைத்திருக்கிறது. தாய்லாந்தில் மாட்டியது வங்கதேசத்தில், ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். அப்படியானால் அது யார் வீட்டுப் பறவை? வெளிநாடு என்பதும் தப்பு, உள்நாடு என்பதும் நாம் ஒட்டுகிற சீட்டு. நாளைக்கு இன்னொருத்தர் வந்து “தமிழ்ப் பறவை” என்று ஆரம்பித்துவிடுவார்.

கரையோரன்

தமிழ்ப் பறவை வேண்டாம், தாங்காது. உங்கள் நெருடல் நியாயம். நான் ‘நம்’ என்று சொல்வது உரிமை கொண்டாட இல்லை, பொறுப்பு நம் தலையில் என்பதற்காக. தாய்லாந்தில் பிறந்திருந்தாலும் இந்த வருடம் குஞ்சு பொரிப்பது மதுராந்தகம் தாலுகா தண்ணீரில் என்றால், தண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

இந்த ‘சைபீரியா’ நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டம் தேலினீலாபுரத்தில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டும். அங்கேயும் ‘சைபீரியப் பறவைகள்’ என்றே பெயர். ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க ஒரு தூரதேசம் எல்லாருக்கும் தேவைப்படுகிறது போல.

அடுக்களைஜன்னல்

இவ்வளவு பேசறீங்க, ஒரு சாதாரணக் கேள்வி. வர்ற ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகலாமா, வேண்டாமா? பறவை இருக்குமா? சின்னவளுக்கு ஆறு வயசு, அரை மணி நேரத்துக்கு மேல நிக்க மாட்டா.

மதுராந்தகத்தான்

தாராளமா வாங்கக்கா. ஏரி நெறைஞ்சிருக்கு, கூடு கட்ட ஆரம்பிச்சாச்சு. ஆனா குஞ்சு பாக்கணும்னா தை மாசம் வாங்க, அப்பதான் சத்தமும் நாத்தமும் உச்சத்துல இருக்கும். சென்னையிலேருந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல செங்கல்பட்டு தாண்டி படாளம் கூட்ரோடு. அங்க வலது பக்கம் திரும்பினா சுமார் பன்னெண்டு கிலோமீட்டர். மத்தியானம் வராதீங்க, பாதிப் பறவை இரைக்குப் போயிருக்கும், மீதி தூங்கும். நாலு மணிக்கு மேல வாங்க. அஞ்சு, அஞ்சரைக்கு எல்லாம் திரும்பி வரும் பாருங்க, சின்னவ கண்டிப்பா நிப்பா. பக்கத்துலயே கரிக்கிலி இருக்கு, அங்க கூட்டம் கம்மி. வாத்து பாக்க அதுதான் இடம்.

சிவப்பு, பளிச் மஞ்சள் சட்டை வேணாம். ஸ்பீக்கர்ல பாட்டு வேணவே வேணாம்.

தொலைநோக்கி

சின்னவளுக்கு நத்தைகுத்தி சாப்பிடுவதைக் காட்டுங்கள் அம்மா. வரும் வழியில் நடவு வயலில், வரப்போரம் காரை நிறுத்தினாலே கிடைக்கும். அலகுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைப் பாக்குவெட்டி மாதிரி நத்தையை உடைக்க என்று பலர் நினைக்கிறார்கள். உடைக்காது. சேற்றுக்குள் தலையை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். மேலலகால் அதைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் நுழைத்து, சதையை ஓட்டிலிருந்து அறுத்து உருவும். ஓடு முழுசாகக் கிடக்கும். அது போன பிறகு வரப்பில் இறங்கித் தேடினால் காலி ஓடு கிடைக்கும், பிள்ளை வைத்து விளையாடலாம். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். வளர வளரத்தான் வரும்.

கூழைக்கடா குஞ்சுக்கு ஊட்டுவது இன்னும் அமர்க்களம். குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக விட்டுவிடும். பார்க்கிற பிள்ளைகள் “அம்மா, முழுங்குது!” என்று கத்துவார்கள்.

பழையடெஸ்க்

நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் செய்தி எப்படி உற்பத்தியாகிறது என்று சொல்கிறேன், நிருபரை மட்டும் திட்டாதீர்கள்.

சீசன் ஆரம்பித்ததும் எங்கிருந்தாவது ஒரு குறிப்பு வரும். அதில் இத்தனை ஆயிரம் பறவைகள், இன்னின்ன வகை என்று இருக்கும். நிருபர் போன வருஷச் செய்தியை எடுத்து எண்ணிக்கையை மட்டும் மாற்றுவார். நாடுகளின் பட்டியல் அந்தப் பழைய செய்தியிலேயே இருக்கும். அதை முதலில் எழுதியவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. டெஸ்க்கில் இரவு பத்து மணிக்கு அது வந்து விழும்போது ‘ஆஸ்திரேலியாவிலிருந்து நாரை வருமா?’ என்று யோசிக்க ஆள் இல்லை. தலைப்பில் ‘வெளிநாடு’ இருந்தால் இரண்டு பத்தி இடம், இல்லாவிட்டால் ஒரு பத்தி. இதற்கு என்ன மாற்று? நீங்களே எழுதிக் காட்டுங்கள், நாலு வரிக்குள்.

கரையோரன்

சவாலா? சரி.

“தொடர் மழையால் வேடந்தாங்கல் ஏரி நிரம்பியதை அடுத்து, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா உள்ளிட்ட உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டத் தொடங்கியுள்ளன. சுற்றியுள்ள வயல்களிலும் குட்டைகளிலும் இரை தேடி இவை குஞ்சுகளை வளர்க்கும். மத்திய ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி ஆகியவையும் குளிர்காலத்தைக் கழிக்க வந்துள்ளன. ஏரியில் தண்ணீர் இருக்கும் வரை பறவைகளைக் காணலாம்.”

பழையடெஸ்க்

கச்சிதம். கடைசி வரியை முதல் வரியாக்குங்கள். படிக்கிறவனுக்கு வேண்டியது எதுவரை போகலாம் என்பதுதான். தலைப்பு?

ஞாயிறுபயணி

“ஏரி நிறைஞ்சாச்சு, நாரை வீடு கட்டுது.” நானே க்ளிக் பண்ணுவேன்.

வரப்பு

நல்லா இருக்கு. ஆனா ‘உள்ளூர்’னு போட்டா மறுநாளே யாராவது தாய்லாந்து வளையத்தைக் காட்டி மறுப்புக் கடிதம் போடுவாங்க.

பழையடெஸ்க்

அந்தக் கடிதத்தை எழுதப்போவது நீங்கள்தானே. எழுதுங்கள், ஆசிரியருக்கு வரும் கடிதங்கள் பகுதிக்கு எப்போதும் ஆள் பஞ்சம்.

அடுக்களைஜன்னல்

மதுராந்தகத்தான் தம்பி, படாளத்துல ரயில் நிக்குமா? எங்ககிட்ட கார் இல்ல.

மதுராந்தகத்தான்

ஸ்டேஷன் இருக்குக்கா, ஆனா எல்லா வண்டியும் நிக்காது. செங்கல்பட்டு வரைக்கும் மின்சார ரயில்ல வந்துடுங்க. அங்கேருந்து பஸ்ஸு மாறி படாளம், அப்புறம் ஷேர் ஆட்டோ. திரும்பறப்ப இருட்டிடும், அதுக்கு வண்டி பேசி வெச்சுக்கறது நல்லது. முந்தின நாள் இங்கயே ஒரு வரி போடுங்க, நம்ம பக்கம் ஆட்டோ ஓட்டறவர் ஒருத்தர்கிட்ட சொல்லி வெக்கறேன்.